கிணற்று நீரும் குழாயின் வேகமும்: கொங்கு நாட்டு வீடுகளில் நீரழுத்தம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

சொந்தக் கிணறோ ஆழ்குழாயோ உடைய ஒரு வீட்டில் மேல்மாடிக் குளியலறையின் ஷவரிலிருந்து தண்ணீர் நூலாக இறங்குவதும், அதே வேளையில் கீழே முற்றத்துக் குழாயைத் திறந்தால் வாளிக்குள் நில்லாமல் நாலாபுறமும் சிதறுமாறு பாய்வதும் கொங்கு நாட்டில் பெரும்பாலோர் அறிந்த விஷயம். ‘ஃபோர்ஸ் பத்தவில்லை’ என்ற ஒரே வாக்கியத்தில் குறையைச் சொல்லிக் குழாய் வேலை செய்பவரை அழைக்கிறோம். வருகிறவர் பெரிய மோட்டார் போடச் சொல்லலாம், மாடித் தொட்டியை உயர்த்தச் சொல்லலாம், அழுத்தத் தொட்டி வாங்கச் சொல்லலாம், குழாயையே மாற்றச் சொல்லலாம். ஒன்றுக்கொன்று முரண்பட்டவை போலத் தோன்றும் இவ்விடைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சரித்திரமும் ஒரு நியாயமும் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட வகை நிலத்திற்கும் கிணற்றுக்கும் பொருந்தி வந்தது. பிறந்த இடத்திலிருந்து பெயர்த்து வேறிடத்தில் நட்டபோதுதான் அதன் குறைகள் வெளிப்பட்டன. கோயம்புத்தூரையும் அதைச் சூழ்ந்த கொங்குப் பிரதேசத்தையும் மனத்தில் கொண்டு இந்தப் பட்சங்களைப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வினாவின் பூர்வ கதை

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் அமைந்து, ஆண்டொன்றுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழையையே பெறும் கோயம்புத்தூர்ச் சமவெளியில், நிலத்தடி பெரும்பாலும் கெட்டிப் பாறை. மணற்பாங்கான காவிரிப் படுகையில் தண்ணீர் நிலம் முழுதும் பரவி நிற்பதைப் போல இங்கே நிற்பதில்லை. பாறையின் வெடிப்புகளிலும் சிதைந்த மேற்படிவத்திலும் தங்கியிருக்கும் நீரே கிணற்றில் ஊறுகிறது. இக்காரணத்தால் இங்குள்ளோர் பாறையை வெட்டி ஆழமும் அகலமும் மிக்க கிணறுகளைத் தோண்டினார்கள். மாடுகள் சரிவில் இறங்கி நடக்க, தோல் வாலோடு கூடிய சால் மேலேறி வந்து தொட்டியில் தானே கவிழும் கவலை இறைப்பு பல தலைமுறைகளுக்கு இந்நாட்டின் உழவைத் தாங்கிற்று. அக்காலத்தில் அழுத்தம் என்ற வினா எழவே இல்லை. எத்தனை சால் தண்ணீர், எவ்வளவு ஆழத்திலிருந்து என்பதே கணக்கு.

20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் சென்னை மாகாணத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் எண்ணெய் எஞ்சின்களைக் கொண்டு கிணற்று நீரை இறைக்கும் சோதனைகளை நடத்தினார். 1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைகாரா நீர்மின் நிலையத்திலிருந்து கோயம்புத்தூருக்கு மின்சாரம் வந்தபின் நிலைமை விரைந்து மாறியது. பஞ்சாலைகள் பெருகின, ஆலைகளுக்கு உதிரிப் பாகங்கள் வார்த்த பட்டறைகள் பம்பு உருவங்களையும் வார்த்தன, ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டியதாகக் கோயம்புத்தூர்த் தொழில் வரலாற்றை எழுதுவோர் கூறுகின்றனர். 1952இல் இங்குள்ள பொறியியல் உற்பத்தியாளர்கள் தமக்கென ஒரு சங்கமும் கண்டார்கள். பீளமேட்டிலும் கணபதியிலும் வளர்ந்த இத்தொழில் பிற்காலத்தில் நாடு முழுவதற்கும் பம்பு அனுப்பும் நிலையை எய்தியது.

மோட்டார் வந்ததும் இயற்கையின் ஒரு நியதி குறுக்கிட்டது. உறிஞ்சும் பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. வாயுமண்டலத்தின் எடைதான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. 1643இல் இத்தாலியில் டாரிசெல்லி பாதரசக் குழாயைக் கொண்டு விளக்கிய இந்த உண்மையின்படி, கடல் மட்டத்தில் உறிஞ்சுதலின் உச்ச எல்லை 10.3 மீட்டர், கடல் மட்டத்திற்கு 400 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் கோயம்புத்தூரில் அது 10 மீட்டருக்கும் குறைவு, குழாயின் உராய்வு, ஃபுட் வால்வின் தடை ஆகியவற்றைக் கழித்தால் நடைமுறையில் கிடைப்பது 6 அல்லது 7 மீட்டரே. கொங்கு நாட்டுக் கிணறுகளில் தண்ணீர் அதற்கும் கீழே கிடந்தமையால், கிணற்றின் உட்சுவரில் திண்டு கட்டி மோட்டாரை இறக்கினார்கள். தண்ணீர் தாழத் தாழ மோட்டாரும் படிப்படியாக இறங்கிற்று. ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகியபோது, காற்றைக் குழாய்க்குள் செலுத்தித் தண்ணீரை மேலேற்றும் கம்ப்ரசர் முறையும், பின்னர் நீருக்குள்ளேயே மூழ்கி நின்று தள்ளும் நீர்மூழ்கி மோட்டாரும் பரவின. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் 1,000 அடிக்கும் கீழே துளையிடுவது இன்று அதிசயமாகக் கருதப்படுவதில்லை.

இத்தனையும் தண்ணீரை மேலே கொண்டுவரும் முயற்சியின் கதை. மேலே வந்த தண்ணீர் வீட்டுக் குழாயில் என்ன விசையோடு வர வேண்டும் என்ற வினா, மாடி வீடுகளும் குளியலறைக் கருவிகளும் பெருகிய பிறகே தனியாக எழுந்தது. ஆழத்திலிருந்து ஏற்றுவதற்குத் தேவைப்படும் அழுத்தமும் குழாய் முனையில் தேவைப்படும் அழுத்தமும் வெவ்வேறு என்பதை மறந்ததிலிருந்தே பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன என்பது இக்கட்டுரையின் அபிப்பிராயம்.

உயரமே அழுத்தம் என்னும் பட்சம்

மிகப் பழமையானதும் மிக எளியதுமான விடை, தண்ணீரை உயரத்தில் வைப்பது. 10 மீட்டர் உயரமுள்ள நீர்நிரல் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தத்தைத் தரும். நீர் ஓடாமல் நிற்கும்வரை, இதில் தொட்டி பெரிதா சிறிதா, குழாய் நேரா வளைவா என்பதற்கு இடமில்லை. கோயம்புத்தூர் நகரத்தின் குடிநீர் வரலாறே இந்தத் தத்துவத்தின் மீது எழுந்தது என்று சொல்லலாம். 19ஆம் நூற்றாண்டில் எஸ்.பி. நரசிம்மலு நாயுடு வற்புறுத்தி, பின்னர் இரத்தினசபாபதி முதலியார் போன்றோரின் முயற்சியால் கைகூடிய சிறுவாணித் திட்டத்தில், மலையிலிருந்து நகரத்திற்குத் தண்ணீர் புவியீர்ப்பினாலேயே இறங்கி வந்தது. வீட்டு மாடியில் வைத்த தொட்டி அதே தத்துவத்தின் சிற்றுருவம்.

இப்பட்சத்தின் பலம், மின்சாரம் இல்லாதபோதும் வேலை செய்வது. 2012ஆம் ஆண்டை ஒட்டிக் கொங்கு மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு நிலவிய காலத்தில், தொட்டி நிறைந்திருந்த வீடுகளில் குழாய்கள் ஓடின. மோட்டாரையே நம்பி அழுத்தம் பெற்ற வீடுகளில் ஓடவில்லை. மற்றொரு பலம் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை: பாறை நிலத்து ஆழ்குழாய் பலவற்றில் ஊற்று மிகச் சொற்பம். ‘அரை இஞ்சு தண்ணி’, ‘ஒரு இஞ்சு தண்ணி’ என்று மக்கள் சொல்லும் அளவே ஊறும் துளையிலிருந்து, காலையில் மூன்று குழாய்கள் ஒருசேரத் திறந்திருக்கும் வேளைக்கு வேண்டிய வேகத்தில் நேரடியாகத் தண்ணீர் எடுக்க இயலாது. ஊறுகிறபோது ஊறியதைச் சேர்த்து வைத்து, வேண்டும்போது வேண்டிய வேகத்தில் விடுவதற்குத் தொட்டியே துணை.

குறையும் தெளிவானதே. மொட்டை மாடித் தளத்தின் மேலேயே தொட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு வீட்டில், 3 மீட்டர் உயரமுள்ள மேல்மாடி அறையில் ஷவர் 2 மீட்டர் உயரத்தில் இருந்தால், இரண்டிற்கும் இடையே எஞ்சும் உயரம் சுமார் ஒரு மீட்டர். அழுத்தம் பத்தில் ஒரு கிலோ. அதே தொட்டியை 2 மீட்டர் தூக்கி வைத்தால் அழுத்தம் மூன்று மடங்காகும். ஆயினும், பாயும் நீரின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால், ஷவரில் வரும் தண்ணீர் ஏறத்தாழ முக்கால் பங்கு மட்டுமே கூடும். நகரக் குழாய்களைப் பொறுத்தவரை மத்திய அரசின் 1999ஆம் ஆண்டு நீர்வழங்கல் கையேடு, ஒற்றைத் தள வீட்டுக்கு 7 மீட்டர், இரண்டு தளங்களுக்கு 12 மீட்டர், மூன்று தளங்களுக்கு 17 மீட்டர் என்று எஞ்சிய அழுத்தத்தை விதித்தது. இதனோடு ஒப்பிட்டால் மாடித் தொட்டியின் கீழ் வாழும் மேல்மாடி அறையின் வறுமை விளங்கும். 1,000 லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன் பாரம் என்பதால், கட்டி முடித்த வீட்டில் கண்ட இடத்தில் செங்கல் தூண் எழுப்பி அதன்மேல் தொட்டியை ஏற்றுவதும் உசிதமன்று; அடியில் தூணோ உத்தரமோ உள்ள இடத்தைப் பொறியாளர் காட்ட வேண்டும்.

குதிரைத்திறனை நம்பும் பட்சம்

ஃபோர்ஸ் இல்லையென்றால் மோட்டாரைப் பெரிதாக்கு என்பது இரண்டாவது விடை. பம்புத் தொழில் செழித்த ஊரில் இக்கருத்து வேரூன்றியதில் வியப்பில்லை. உழவுக் கிணறுகளில் இது பல வேளைகளில் சரியாகவும் இருந்தது. மின் கட்டணத்தை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் கொங்கு உழவர்கள் 1970களில் கிளர்ந்தெழுந்த காலத்திலிருந்து, 1990இல் விவசாயப் பம்புசெட்டுகள் அனைத்திற்கும் மின்சாரம் இலவசமான காலம் வரையிலான கதையில், குதிரைத்திறன் என்ற சொல்லுக்கு விவசாயியின் மனத்தில் ஒரு கௌரவமும் ஏற்பட்டுவிட்டது.

வீட்டு விஷயத்தில் இந்த நம்பிக்கை தடம் மாறுகிறது. கிணற்று மோட்டார் மாடித் தொட்டியை நிரப்பும் அமைப்பில், மோட்டார் எவ்வளவு பெரிதாயினும் தொட்டி சீக்கிரம் நிறையுமேயன்றி ஷவரின் வேகம் மயிரிழையும் கூடாது. ஊற்றுக்கு மீறிய மோட்டார் துளையிலுள்ள நீரைச் சில நிமிஷங்களில் வடித்துவிட்டு வறட்டு ஓட்டம் ஓடும். தன்னைச் சுற்றிச் செல்லும் நீரால் குளிர்ச்சி பெறும் நீர்மூழ்கி மோட்டாருக்கு அது நேரான அபாயம். அன்றியும், எல்லா மோட்டார்களும் எல்லா உயரத்திற்கும் பொருந்துவதில்லை. ஒரே குதிரைத்திறனில், அடுக்குகள் (ஸ்டேஜ்) குறைவாக இருந்து நிறைய நீரைக் குறைந்த உயரத்திற்குத் தள்ளும் பம்பும் உண்டு. அடுக்குகள் மிகுந்து கொஞ்ச நீரை மிகுந்த உயரத்திற்குத் தள்ளும் பம்பும் உண்டு. விற்பனையாளர் காட்டும் அட்டவணையில் உயரத்திற்கு எதிரே எழுதியிருக்கும் லிட்டர் கணக்கைப் படிக்காமல் குதிரைத்திறனை மட்டும் கேட்டு வாங்குவது இன்னும் பரவலாக நிலவும் பழக்கம்.

காற்றுத் தொட்டியும் அழுத்த ஸ்விட்ச்சும்

மூன்றாவது பட்சம் அமெரிக்காவின் கிராமப்புற வீடுகளிலிருந்து வந்தது. அங்கே குளிர்நாட்டு வீடுகளில் கூரைமேல் தொட்டி வைத்தால் நீர் உறைந்துவிடும் என்பதால், கிணற்று மோட்டாரையும் வீட்டுக் குழாய்களையும் நேரே இணைத்து, இடையில் காற்று அடைத்த ஓர் இரும்புத் தொட்டியை வைத்தார்கள். தொட்டிக்குள் ஒரு ரப்பர்ப் பை; ஒருபுறம் தண்ணீர், மறுபுறம் காற்று. மோட்டார் தண்ணீரைத் தள்ளும்போது காற்று சுருங்கும். மோட்டார் நின்றபின் குழாயைத் திறந்தால் சுருங்கிய காற்று விரிந்து தண்ணீரைத் தள்ளும். அழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கியதும் மோட்டாரை ஓட்டவும், மேல் எல்லையை எட்டியதும் நிறுத்தவும் ஒரு சிறு ஸ்விட்ச் உண்டு. நம் ஊரில் மாடித் தொட்டிக்குக் கீழே அரைக் குதிரைத்திறன் பிரஷர் பம்போடு சேர்த்துப் பொருத்தப்படுவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த அமைப்பே.

அழுத்தத்தைச் சரிசெய்வது என்ற சொல்லுக்கு நேரான பொருள் இங்குதான் கிடைப்பதால், இதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். ஸ்விட்ச்சின் மூடியைக் கழற்றினால் பெரும்பாலும் இரண்டு சுருள்வில்கள் தென்படும். பெரிய வில்லின் மேலுள்ள நட்டை வலப்புறம் திருகினால் ஓடத் தொடங்கும் எல்லையும் நிற்கும் எல்லையும் ஒருசேர உயரும். சிறிய வில்லின் நட்டைத் திருகினால் இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் மட்டும் மாறும். மூடிக்குள் 230 வோல்ட் மின்சாரம் ஓடும் முனைகள் திறந்தே இருப்பதால், மெயினை அணைக்காமல் அதனுள் கை வைத்தல் உயிருக்கே ஆபத்து.

நட்டைத் திருகுவதோடு வேலை முடிந்துவிட்டதாக எண்ணுவதில்தான் இப்பட்சத்தின் பெரிய பிழை ஒளிந்திருக்கிறது. 100 லிட்டர் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். மோட்டார் 2 கிலோவில் ஓடி 3.5 கிலோவில் நிற்கிறது. தண்ணீர் இல்லாதபோது காற்றின் அழுத்தம் 1.85 கிலோ. பாயில் 1662இல் வெளியிட்ட வாயு விதிப்படி, மோட்டார் ஒருமுறை நின்றபின் மறுமுறை ஓடுவதற்குள் சுமார் 32 லிட்டர் தண்ணீர் கிடைக்கும். ஃபோர்ஸ் போதாதென்று எல்லைகளை 3 கிலோவுக்கும் 4.5 கிலோவுக்கும் உயர்த்திவிட்டுக் காற்றைத் தொடாமல் விட்டால், அந்த 32 லிட்டர் 19 லிட்டராகச் சுருங்கிவிடும். காற்றையும் 2.85 கிலோவாக ஏற்றினால் 26 லிட்டர் வரை மீளும். லிட்டர் குறையக் குறைய மோட்டார் அடிக்கடி ஓடி நிற்கும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் வழக்கமான மின்னோட்டத்தைப் போல் பல மடங்கை இழுப்பதால், கம்பிச்சுருள் சூடேறி மோட்டார் எரிவது இவ்வழியில்தான் பெரும்பாலும் நிகழ்கிறது. இதற்கு மாறாக, காற்றை ஓடும் எல்லைக்கு மேலே ஏற்றிவிட்டால், மோட்டார் கிளம்புமுன் தொட்டி காலியாகி, குழாயில் தண்ணீர் ஒரு கணம் அறுந்து வரும். ஆகவே மெயினை அணைத்து, ஒரு குழாயைத் திறந்து தொட்டியிலுள்ள நீரை முற்றும் வடித்து, வாகன டயருக்குப் பிடிக்கும் அளவுகோலையே தொட்டியின் வால்வில் வைத்துப் பார்த்து, காற்றை ஓடும் எல்லைக்கு 0.15 கிலோ குறைவாக நிறுத்துவதே முறை. நீரை வடிக்காமல் பார்க்கும் அளவு காற்றின் அளவாகாது. அது தண்ணீரின் அழுத்தத்தையே காட்டும்.

கொங்கு நாட்டிற்கே உரிய ஒரு தொல்லையும் இங்கு உண்டு. கிணற்றிலிருந்து நேரே அழுத்தம் பெறும் வீட்டில் மோட்டாரின் சக்தி இரண்டு வேலைகளுக்குப் பங்கிடப்படுகிறது: ஆழத்திலிருந்து ஏற்றுதல் ஒன்று, குழாயில் அழுத்தம் தருதல் மற்றொன்று. உச்ச அளவாக 60 மீட்டர் தள்ளக்கூடிய ஒரு பம்பை உதாரணமாகக் கொண்டால், வடகிழக்குப் பருவமழை பெய்யும் கார்த்திகையில் நீர்மட்டம் 20 மீட்டரில் நிற்கும்போது மேலே 40 மீட்டர், அதாவது 4 கிலோ எஞ்சும், 3.5 கிலோவில் ஸ்விட்ச் ஒழுங்காக நிறுத்திவிடும். சித்திரையில் நீர்மட்டம் 40 மீட்டருக்கு இறங்கிவிட்டால் எஞ்சுவது 2 கிலோ, 3.5 கிலோ என்ற எல்லை ஒருநாளும் எட்டப்படாது. மோட்டார் நிற்காமல் ஓடிக்கொண்டேயிருக்கும். ஸ்விட்ச் கெட்டுவிட்டதென்று அதை மாற்றுவார்கள். புதியதும் அதையே செய்யும். ஆண்டு முழுதும் நீர்மட்டம் அதிகம் அசையாத நாட்டில் பிறந்த ஒரு சாதனத்தை, ஒரே ஆண்டிற்குள் பல மீட்டர் ஏறி இறங்கும் பாறைக் கிணற்றில் நேரே பொருத்துவது விவேகமாகாது. இடையில் ஒரு நிலத்தொட்டியோ மாடித் தொட்டியோ இருந்து, அதிலிருந்து தனியொரு சிறு பம்பு அழுத்தம் தரும் அமைப்பே இங்கு பொருந்தும் என்று துணிந்து சொல்லலாம்.

அந்தச் சிறு பம்பிலும் ஒரு கண்ணி உண்டு. கோயம்புத்தூர் வீடுகளில் பரவலாக உள்ள சாதாரண சூரிய வெந்நீர்க் கலங்கள், மேலே திறந்த காற்றுக்குழாயோடு, தொட்டி நீரின் எடையை மட்டுமே தாங்குமாறு செய்யப்பட்டவை. தண்ணீர்க் குழாய்க்கு மட்டும் பிரஷர் பம்பு வைத்துவிட்டு வெந்நீர்க் குழாயைப் பழையபடி விட்டால், இரண்டும் கலக்கும் குழாயில் வலிய தண்ணீர் மெலிந்த வெந்நீரைப் பின்னுக்குத் தள்ளிவிடும். கலத்திற்குள்ளேயே பம்பின் அழுத்தத்தைச் செலுத்தினால் நீர் காற்றுக்குழாய் வழியே வழியும், கலமும் பழுதாகலாம்.

வேகத்தை மாற்றும் யந்திரம்

அண்மைக் காலத்து விடை, மோட்டாரின் சுழற்சி வேகத்தையே மாற்றி அழுத்தத்தை ஒரே நிலையில் நிறுத்தும் மின்னணுச் சாதனம். வேகம் ஐந்தில் நான்காகக் குறைந்தால் நீரின் அளவு அதே விகிதத்திலும், உயரம் 64 சதவீதமாகவும், வேண்டிய சக்தி ஏறத்தாழப் பாதியாகவும் குறையும் என்ற விதியைக் காட்டி, மின்சாரம் பெரிதும் மிச்சமாகும் என்று இதன் ஆதரவாளர் வாதிக்கின்றனர். குழாய்த் தடையை மட்டுமே வெல்ல வேண்டிய இடத்தில் இது உண்மை. ஆழத்திலிருந்து ஏற்ற வேண்டிய இடத்திலோ, வேகம் ஓரளவுக்குக் கீழே போனால் பம்பு தள்ளும் உயரம் கிணற்றின் ஆழத்தையே எட்டாமல், சுழற்சி மட்டும் இருந்து தண்ணீர் வராத நிலை உண்டாகும். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் நீருக்கு விசை கூட்டும் சிறு பம்பில் இச்சாதனத்திற்கு நல்ல எதிர்காலம் இருக்கக்கூடும். 500 அடித் துளையில் அதன் லாபம் ஐயத்திற்குரியது. கிராமப்புற மின்னழுத்த ஏற்றத்தாழ்வுகளை அது எத்தனை ஆண்டு தாங்கும் என்பதையும் அனுபவமே காட்ட வேண்டும்.

குழாயின் தடை

எல்லாப் பட்சங்களிலும் மிகக் குறைவாகப் பேசப்படுவது இது. மிகுதியான பயனைத் தரக்கூடியதும் இதுவே என்பது நமது துணிபு. ஒரே அளவு தண்ணீர் ஒரே தூரம் செல்லும்போது, அரை அங்குலக் குழாயில் இழக்கப்படும் அழுத்தம் முக்கால் அங்குலக் குழாயில் இழக்கப்படுவதைப் போல் ஏறத்தாழ ஏழு மடங்கு. மாடித் தொட்டியிலிருந்து கிடைக்கும் பத்தில் மூன்று கிலோ அழுத்தத்தில் பெரும்பகுதியை ஒடுங்கிய குழாயும் அடுக்கடுக்கான முழங்கை வளைவுகளும் பாதி திறக்கும் வால்வும் தின்றுவிட்டபின், எஞ்சியதைக் கொண்டு தொட்டியின் மேல் குறை சொல்வது நியாயமன்று.

கொங்கு நாட்டில் இத்தடை ஆண்டுதோறும் வளர்வதற்கும் காரணம் உண்டு. பல வீடுகளில் சிறுவாணி, பில்லூர் போன்ற ‘நல்ல தண்ணி’க்கு ஒரு குழாயும், ஆழ்குழாயின் ‘உப்புத் தண்ணி’க்கு மற்றொரு குழாயுமாக இரண்டு வழிகள் இருக்கின்றன. பாறையிலிருந்து கரைந்த சுண்ணமும் மக்னீசியமும் நிறைந்த உப்பு நீர் பழைய இரும்புக் குழாயின் உட்புறத்தில் வெண்மையான ஓடு போலப் படிந்து துளையை ஒடுக்குகிறது. ஷவரின் நுண்துளைகளையும் வெந்நீர்க் கருவியையும் முதலில் அடைக்கிறது. நல்ல தண்ணீர்க் குழாயில் வேகம் குறையாமலிருந்து உப்புத் தண்ணீர்க் குழாயில் மட்டும் குறைந்திருக்குமானால், மோட்டாரை ஆராய்வதற்கு முன் ஷவர்த் தலையைக் கழற்றி எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஊறவைத்துப் பார்ப்பது செலவில்லாத பரீட்சை. குழாய்க்குள் காற்று அடைபட்டு நீர் வராமல் நிற்பதும் இவ்வகைக் குறைகளில் ஒன்று. தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் வால்வுக்கு அப்பால் ஒரு காற்றுக்குழாயைத் தொட்டியின் மேல்மட்டத்திற்கு மேலே உயர்த்தி வைப்பது அதற்குப் பரிகாரம்.

இந்த வரிசையில் சேர்க்கத் தகாத ஒரு பழக்கமும் நிலவுகிறது. மாநகராட்சிக் குடிநீர்க் குழாயில் நேரே மோட்டாரை இணைத்து உறிஞ்சுவது அழுத்தத்தைச் சரிசெய்வதாகாது. அண்டை வீட்டாரின் அழுத்தத்தை எடுத்துக்கொள்வதாகும். உறிஞ்சப்படும் குழாயில் அழுத்தம் வெளியைவிடக் குறைந்துவிட்டால், விரிசல் வழியாகச் சாக்கடை நீரும் உள்ளே புகலாம். இப்பழக்கத்திற்குச் சட்டத்தின் தடை இருப்பது சரியே.

முடிவாகாதவை

மேற்கண்டவற்றை எடைபோடும்போது, கொங்கு நாட்டுப் பாறைக் கிணறு உள்ள வீட்டில் கிணற்றையும் குழாயையும் ஒரு தொட்டியால் பிரித்து வைப்பதும், குழாயை அகலமாக்கித் தொட்டியை இயன்றவரை உயர்த்துவதும், அதற்குப் பிறகும் மேல்மாடியில் குறை இருந்தால் மட்டும் அளவறிந்து ஒரு சிறு பம்பை வைப்பதுமே பொருத்தமான வரிசை என்று தோன்றுகிறது. ஆயினும் இதை இறுதி முடிவாகக் கொள்வதற்கில்லை.

2018இல் கோயம்புத்தூர் மாநகராட்சி சூயஸ் நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி நகரில் இருபத்துநான்கு மணி நேரமும் போதிய அழுத்தத்தில் குடிநீர் கிடைக்குமாயின், வீட்டுத் தொட்டிகளுக்கு எவ்வளவு அவசியம் எஞ்சும் என்பது ஒரு கேள்வி. 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்ட அத்திக்கடவு – அவிநாசித் திட்டம் குளம் குட்டைகளை நிரப்புவதால் சுற்றுப்புறக் கிணறுகளின் சித்திரை மாத நீர்மட்டம் எவ்வளவு உயரும், 2003இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பு பாறை நிலத்தில் வீட்டுக் கிணற்றுக்கு எந்த அளவு உதவும் என்பன வேறு கேள்விகள். அழுத்தம் கூடினால் ஒரே குளியலுக்குச் செலவாகும் தண்ணீரும் கூடும் என்பதால், ஊற்று வற்றி வரும் பிரதேசத்தில் எவ்வளவு அழுத்தம் போதும் என்று வரையறுப்பதும் பாக்கியிருக்கிறது. நகரக் குழாய்க்கு விதி உண்டு, தனி வீட்டுக் கிணற்றுக்கு அவ்வாறு ஊரறிந்த அளவுகோல் ஏதும் வழக்கில் இல்லை.

இவற்றுக்கு விடை காண வேண்டிய அடிப்படைக் கணக்கு ஒவ்வொரு வீட்டிலும் கிடைக்கக்கூடியது. கிணறோ ஆழ்குழாயோ வைத்திருப்போர் ஆண்டுதோறும் கார்த்திகையில் ஒரு முறையும் சித்திரையில் ஒரு முறையும் நீர்மட்டத்தை அளந்து, பம்பு இறக்கியிருக்கும் ஆழம், அதன் அடுக்குகள், தொட்டியின் உயரம் ஆகியவற்றோடு மோட்டார்ப் பெட்டியின் மூடிக்குள் எழுதி வைக்க வேண்டுகிறோம். குழாய் வேலைக்கு வருபவர் கருவியை எடுக்குமுன் கேட்க வேண்டிய எண்கள் அவையே.